ராணுவ வெடிவிபத்தில் காயம்பட்ட பொதுமக்களுக்கு: முதல் நாள் முதல் முப்பதாம் ஆண்டு வரை

ராணுவக் கிடங்கு ஒன்று வெடித்தால் செய்தி ஒரு வாரம் ஓடும். இறந்தவர் எண்ணிக்கை தலைப்பில் வரும், காயம்பட்டவர் எண்ணிக்கை கடைசிப் பத்தியில் வரும். எக்குவடோரியல் கினியின் பாட்டா நகரில் 2021 மார்ச் 7 அன்று ராணுவ முகாம் வெடித்தபோது 100 பேருக்கு மேல் இறந்தார்கள், 600 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். காங்கோவின் பிராஸாவில் நகரத்தில், 2012 மார்ச் 4 அன்று, காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அல்பேனியாவின் கெர்டெக்கில் பழைய குண்டுகளைப் பிரித்தழிக்கும் இடம் 2008 மார்ச் 15 அன்று வெடித்து 26 பேர் இறந்தார்கள், சுமார் 300 பேர் காயம்பட்டார்கள். இலங்கையில் கொஸ்கம அருகே சாலாவ முகாம் 2016 ஜூன் 5 அன்று வெடித்தது. கிடங்கு இல்லாமலும் நடக்கும்: தென்கொரியாவின் போச்சோனில் 2025 மார்ச் 6 அன்று, தவறான இலக்கு எண்களால், இரண்டு போர் விமானங்கள் எட்டுக் குண்டுகளை ஊருக்குள் போட்டன. 1979 முதல் உலகெங்கும் இப்படி 600க்கும் மேற்பட்ட கிடங்கு விபத்துகள் பதிவாகியுள்ளன.

அந்தக் கடைசிப் பத்திக்குள் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதப்பட்டது இது. வெடிக்காயம் சாலை விபத்துக் காயம் மாதிரி தையல் பிரித்ததும் முடிவதில்லை. காதுக்குள் தோல் வளர்வது இரண்டாம் ஆண்டில் தெரியும். கண் அழுத்தம் பத்து வருடம் கழித்து ஏறும். தீத்தழும்பில் புற்றுநோய் முப்பது வருடம் கழித்தும் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்த நாளில் கோப்பை மூடிவிட்டால் இவற்றில் பாதி தப்பிப்போகும். நஷ்டஈடும் அங்கேயே முடிந்துபோகும்.

படி 1: எங்கே நின்றார் என்பதை எழுதி வையுங்கள்

ஞாபகம் மங்குவதற்கு முன்னால், முதல் வாரத்துக்குள், ஒரு தாளில் எழுதுங்கள். வெடித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம். திறந்த வெளியா, அறைக்குள்ளா. எந்தப் பக்கம் திரும்பி இருந்தார். எத்தனை முறை வெடித்தது. நினைவு தப்பியதா, எத்தனை நிமிடம், பார்த்தவர் யார். தூக்கி எறியப்பட்டாரா. புகைக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்.

இது டாக்டருக்குத் தேவை. காற்றழுத்தம் ஏறக்குறைய 35 கிலோபாஸ்கல் எட்டும்போது காது ஜவ்வு கிழியத் தொடங்கும். நுரையீரல் சேதத்துக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஜன்னல் கண்ணாடியோ காது ஜவ்வைக் கிழிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அழுத்தத்தில் உடைந்துவிடும். அதனால் பக்கத்தில் இருந்தவருக்குக் காதும் நுரையீரலும், தூரத்தில் இருந்தவருக்குக் கண்ணும் முகமும் என்று காயம் பிரிகிறது. மூடிய அறையில் அலை சுவரில் மோதித் திரும்பி வருவதால், அதே தூரத்தில் வெளியே நின்றவரைவிட உள்ளே இருந்தவருக்கு உள்காயம் அதிகம்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் இதற்குப் பழைய சாட்சி. 1917 டிசம்பர் 6 காலை, வெடிமருந்து ஏற்றி வந்த 'மோன் பிளாங்' என்ற பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்தில் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. வெடிக்க இருபது நிமிடம் ஆனது. ஊரே ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தது. சுமார் 9,000 பேர் காயம்பட்டார்கள். கண் டாக்டர்கள் 249 கண்களை எடுக்க வேண்டிவந்தது. 16 பேருக்கு இரண்டு கண்ணும் போயின. கிடங்கில் தீ தெரிந்தால், அல்லது வெளிச்சம் மின்னிச் சத்தம் இன்னும் வராவிட்டால், ஜன்னலுக்கு முதுகு காட்டித் தரையில் படுக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அதற்குச் சுமார் மூன்று விநாடி கிடைக்கும்.

படி 2: முதல் மூன்று நாளில் தவறவிடக் கூடாதவை

வெளியே ரத்தம் இல்லாதவரையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நுரையீரல் அடி 48 மணி நேரத்துக்குள் வெளிப்படும்: மூச்சு வாங்குதல், உலர் இருமல், இருமலில் ரத்தம், உதடு நீலம் பூத்தல். காது ஜவ்வு முழுசாக இருப்பதால் நுரையீரலும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல் இன்னும் மெதுவாக ஏமாற்றும். அடிபட்ட குடல் சுவர் சில நாள் கழித்து ஓட்டையாகும்; வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால், வீட்டில் கஷாயம் போட்டுப் பார்க்காமல் உடனே திரும்பிப் போங்கள்.

சில்லு பாய்ந்த காயத்தை அன்றைக்கே இறுக்கித் தைத்து மூடுவது பெரும்பாலும் தவறு. வெடி மண்ணையும் துணி நூலையும் தசைக்குள் ஆழமாகத் தள்ளியிருக்கும். செத்த தசையை வெட்டியெடுத்துக் கழுவி, திறந்தே கட்டி, நான்கைந்து நாள் கழித்துத் தைப்பதுதான் போர்க்கள அறுவை சிகிச்சையின் வழக்கம். "ஏன் இன்னும் தைக்கவில்லை" என்று வீட்டார் சண்டை போடுவதும், சண்டைக்குப் பயந்து தைப்பதும், பத்தாம் நாள் சீழ் வைத்து மறுபடி திறப்பதும் நடக்கிறது. முகத்துக் காயம் விதிவிலக்கு. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சீக்கிரம் மூடலாம்.

தோலில் ஏறிய கரும்புள்ளிகளை, அதாவது வெடிமருந்துத் துகளையும் தார் மண்ணையும், முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் மரத்துப்போக ஊசி போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பச்சை குத்தியது போல் நிலைத்துவிடும். பிறகு லேசரில்தான் எடுக்க முடியும்.

டெட்டனஸ் ஊசியைக் கேட்டு வாங்குங்கள். பலர் ஒரே இடத்தில் காயம்பட்டிருந்தால் இன்னொருவரின் ரத்தமும் எலும்புத் துகளும் காயத்துக்குள் போயிருக்கலாம். அதனால் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை முதல் வாரத்துக்குள் தொடங்கச் சொல்வார்கள். பி, சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையை அன்றைக்கும், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் செய்ய வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வீடு திரும்புவது பற்றி ஒரு வார்த்தை. கிடங்கு வெடிக்கும்போது எல்லாக் குண்டும் வெடிப்பதில்லை. பாதி வெந்தவை கிலோமீட்டர் கணக்கில் தூக்கி எறியப்பட்டு, கூரை மேலும் வாய்க்காலிலும் தோட்டத்திலும் கிடக்கும். பித்தளை விலைபோகும் என்று பொறுக்கப் போனவரும், பந்து என்று எடுத்த குழந்தையும்தான் இரண்டாம் சுற்றில் சாவது. தொடாதீர்கள், தூரத்தில் கல்லோ குச்சியோ வைத்து அடையாளம் செய்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். திறந்த கிணற்றுத் தண்ணீரைச் சோதனை முடியும்வரை குடிக்க வேண்டாம். டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். போன்றவை தண்ணீரில் கலந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது.

படி 3: கோப்பு

அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டிய நாளின் விபத்துப் பதிவேட்டு நகல், தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் 'ஏ.ஆர். காப்பி', எல்லாவற்றுக்கும் அடிப்படை. இலங்கையில் நோய்க்குறிப்பு அட்டையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும். அதில் வெடிவிபத்து என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'கீழே விழுந்து அடி' என்று எழுதிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் காது கேட்கவில்லை என்று போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இரண்டையும் அறிக்கையோடு நிறுத்தாமல் படமாகவும் குறுந்தட்டாகவும் வாங்குங்கள். காயத்தைத் தேதி தெரியும்படி வாரம் ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். மருந்துச் சீட்டு, ஆட்டோ செலவு, துணைக்கு இருந்தவர் இழந்த கூலி, எல்லாம் ஒரே பைக்குள். அசலை வீட்டில் வைத்து நகலைக் கொடுங்கள். முகாம் அதிகாரி வந்து அசல் கேட்டாலும் இதே விதிதான்.

படி 4: காது

வெடிக்கு முதல் பலி காது. கவனிப்பில் கடைசி இடமும் அதற்கே. உயிர் தப்பியதே பெரிது என்று விட்டுவிடுவார்கள்.

கிழிந்த ஜவ்வு, சிறியதாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். அதுவரை நம் வேலை ஒன்றுதான்: காதை உலர்வாக வைத்திருப்பது. குளிக்கும்போது பஞ்சில் வாசலைன் தடவி காதின் வாசலில் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். ஆற்றிலும் குளத்திலும் முங்க வேண்டாம். மூக்கை வேகமாகச் சிந்த வேண்டாம். பூண்டு காய்ச்சிய எண்ணெய், நல்லெண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. கிழிந்த ஜவ்வு வழியாக நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். மருந்துக்கடையில் தானாக வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் உள்ள சொட்டு கிழிந்த காதில் உள்காதைக் கெடுக்கக்கூடியது. சீழ் வந்தால் இ.என்.டி. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சாசின் வகையைத் தருவார்.

ஜவ்வு மூடினால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உள்காதின் நரம்பு செல்கள் தனியாக அடிபட்டிருக்கும். அவை திரும்ப முளைப்பதில்லை. அறிகுறி நுட்பமானது. பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் முதலில் கரையும். பெண்கள், குழந்தைகள் குரல் தெளிவாக இராது. கல்யாண மண்டபத்தில் ஒன்றும் புரியாது. "கத்தாதே, கேட்குது" என்று அவரே சொல்வார், ஆனால் சொன்னதை இரண்டாம் முறை கேட்பார். ஆகவே முதல் வாரத்திலேயே 8,000 ஹெர்ட்ஸ் வரை ஆடியோகிராம் என்ற கேள்திறன் பரிசோதனை எடுங்கள். நரம்புக் கேள்திறன் சட்டென்று குறைந்திருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தருவதா என்று டாக்டர் முடிவு செய்வார். அதற்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம். பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு என்று அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து, தாள்களை வரிசையாக வையுங்கள். நஷ்டஈட்டுக் கோப்பில் இதைவிட மறுக்க முடியாத சான்று குறைவு.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஓட்டை மூடாவிட்டால் ஜவ்வை ஒட்டும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். மூடியிருந்தாலும் இரண்டு வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டுங்கள். வெடி அழுத்தம் கிழிந்த ஜவ்வின் தோலை நடுக்காதுக்குள் தெளித்துவிடும். அது அங்கே உருண்டையாக வளர்ந்து குட்டி எலும்புகளை அரிக்கும். கொலஸ்டியடோமா என்பார்கள். நாற்றமடிக்கும் சீழ், ஒரு பக்கம் கேள்திறன் மேலும் குறைவது, முகம் கோணுவது, எதுவானாலும் அடுத்த நாளே இ.என்.டி.க்குப் போக வேண்டும்.

வெடிக்குப் பிறகு காதுக்குள் கேட்கும் இரைச்சல் முழுக்க நிற்கும் என்று யாராவது உறுதி சொல்லி மருந்து விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கேள்கருவி, இரவில் மின்விசிறிச் சத்தம் போன்ற மெல்லிய ஒலி, மனநல ஆலோசனை, இவை தொல்லையைக் குறைக்கும். படுக்கையில் புரளும்போது உலகம் சில விநாடி சுழன்றால் அது வேறு சங்கதி: உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் பெயர்ந்திருக்கிறது. எப்ளி என்ற தலைத் திருப்பும் முறையில் ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலும் சரியாகும். வருடக் கணக்கில் மயக்கத்துக்கு மாத்திரை தின்கிறவர்களில் சிலருக்கு இது மட்டும்தான் பிரச்சினை.

படி 5: கண்

கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். காகித டம்ளரின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணைத் தொடாதபடி கவிழ்த்துச் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, சாப்பாடு எதுவும் கொடுக்காமல் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாய்ப்பால் விடும் வழக்கம் இங்கே ஆபத்து.

கண்ணுக்குள் இரும்புத் துகள் தங்கியிருக்கிறதா என்பதை மெல்லிய வெட்டு சி.டி. ஸ்கேனில் பார்க்க வேண்டும். அது தெளிவாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது. காந்தம் துகளை இழுத்து விழித்திரையைக் கிழித்துவிடும். உள்ளே தங்கிய இரும்பு மாதக் கணக்கில் துருவைக் கசியவிட்டு விழித்திரையைக் கெடுக்கும். முதல் அடையாளம் மாலைக்கண் போல இருட்டில் தடுமாறுவது, சில சமயம் கருவிழியைச் சுற்றியுள்ள நிறம் அந்தக் கண்ணில் மட்டும் பழுப்பாக மாறுவது.

காயமே தெரியாத கண்ணும் காட்டப்பட வேண்டும். மழுங்கிய அடியில் கண்ணுக்குள் நீர் வெளியேறும் மூலை கிழிந்திருக்கலாம். வலி இராது. பார்வை சரியாக இருக்கும். ஆனால் பல வருடம் கழித்துக் கண் அழுத்தம் மெல்ல ஏறி, ஓரப் பார்வையைத் தின்னும். எனவே முதல் இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை கோனியோஸ்கோப் என்ற கருவி வைத்து அந்த மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் வருடம் ஒருமுறை கண் அழுத்தம், ஆயுள் முழுக்க. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

வீட்டிலேயே பார்க்கும் வழி: ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. வாரம் ஒருமுறை. கம்பி வளைந்து தெரிந்தால், கறுப்புக் கொசுக்கள் திடீரென்று கூட்டமாகப் பறந்தால், மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து திரை இறங்கினால், விழித்திரை விலகிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே போனால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், தாமதித்தால் பார்வை முழுதாகத் திரும்புவது கடினம்.

ஒரு கண் கிழிந்து பார்வை போனவருக்கு இன்னொரு எச்சரிக்கை. உடலின் எதிர்ப்புச் சக்தி சில சமயம் நல்ல கண்ணையும் தாக்கும். அடிபட்ட இரண்டு வாரம் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலும் வரும், வருடங்கள் கழித்தும் வந்ததுண்டு. நல்ல கண்ணில் வெளிச்சம் கூச்சம், சிவப்பு, மங்கல் தெரிந்தால் சளி பிடித்திருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

படி 6: உடலுக்குள் தங்கிய சில்லு

எல்லாச் சில்லையும் எடுக்க வேண்டியதில்லை. தேடி வெட்டுவது சில்லைவிட அதிக சேதம் செய்யும். இலங்கையின் வன்னியில் போர்க் காலத்துச் செல் துண்டோடு வாழ்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் சில இடங்களில் விட்டுவைக்கக் கூடாது: மூட்டுக்குள், கண்ணுக்குள், பெரிய ரத்தக் குழாயை ஒட்டி, நரம்பை அழுத்தும் இடத்தில், சீழ் வைத்த இடத்தில். மூட்டுக்குள் என்றால் குறிப்பாக, ஈயம் கலந்த துண்டை மூட்டு நீர் கரைத்து ரத்தத்தில் கலக்கும். வயிற்று வலி, ரத்த சோகை, கை தொங்குதல், குழந்தைக்குப் படிப்பில் மந்தம் என்று வருடங்கள் கழித்து வரும். யாருக்கும் பழைய சில்லு ஞாபகம் வராது. உள்ளே துண்டு இருப்பவர் இப்போது ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டும். எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்பத்தில் வெளியே வந்து சிசுவை அடையும்.

கண்ணாடித் துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். மரச் சிம்பும் பிளாஸ்டிக்கும் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட். ஆறிய காயம் மாதாமாதம் பழுத்துப் பழுத்து உடைந்தால் உள்ளே இப்படி ஏதோ இருக்கிறது என்று பொருள், மறுபடி ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சில்லு எங்கே, எத்தனை என்று தாளில் மனித உருவம் வரைந்து குறித்து, எக்ஸ்ரே நகலோடு பர்ஸில் வையுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்கும் விமான நிலையத்துக்கும் உதவும்.

படி 7: தலை

சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் மூளை ஊமையடி படவில்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேனில் தெரியாத அடிதான் இதில் அதிகம். தலைவலி, எரிச்சல், தூக்கம் கெடுதல், சொன்னது மறத்தல், வெளிச்சம் தாங்காமை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்ட வேண்டும். மாதக் கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது தீங்கு. குழந்தைக்குப் பள்ளி முதலில் அரை நாள், பிறகு முழு நாள்.

தலைவலி மாத்திரை பொறி. மாதத்தில் 15 நாளுக்கு மேல் பாராசிட்டமால் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளை வட்டமிடுங்கள், பத்தைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் தீராத அசதி, மாதவிடாய் நின்றுபோதல், ஆண்மைக் குறைவு, காரணமில்லாமல் எடை ஏறுதல் இருந்தால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடிபட்ட அந்தச் சுரப்பி மெதுவாகச் சோம்பும், 'மனசுதான் காரணம்' என்று அனுப்பிவிடுவார்கள். மூளைக்குள் சில்லு பாய்ந்தவருக்கு வலிப்பு வருடங்கள் கழித்தும் வரலாம். வண்டி ஓட்டுவது, கிணற்றடி, அடுப்படி வேலை குறித்து நரம்பியல் டாக்டரிடம் முன்னாலேயே கேளுங்கள்.

படி 8: தீக்காயமும் துண்டித்த உறுப்பும்

தீக்காயத்தில் முடக்கத்தைத் தடுப்பது முதல் நாளிலேயே தொடங்குகிறது. நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலைதான் முடங்கும் நிலை. கழுத்து வெந்திருந்தால் தலையணை கிடையாது. அக்குள் வெந்திருந்தால் கை உடலிலிருந்து 90 பாகை விலகியே இருக்க வேண்டும். முழங்கை நீட்டி. கையென்றால் மணிக்கட்டு லேசாக மேல் நோக்கி, விரல் அடிமூட்டு மடங்கி, விரல் நேராக, அச்சு வைத்துக் கட்டுவார்கள். பிள்ளை அழுகிறதே என்று பாட்டி ராத்திரியில் அச்சைக் கழற்றிவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு.

தோல் மூடிய பிறகு இறுக்க உடை, நாளுக்கு 23 மணி நேரம், ஓராண்டு அல்லது மேலே. நம் வெயிலில் இது கொடுமை. இரண்டு ஜோடி வைத்து மாற்றித் துவைத்தால் தாங்கும். சிலிக்கான் ஜெல் ஷீட் தினம் 12 மணி நேரமாவது. தேங்காய் எண்ணெய் தடவி வட்டமாக அழுத்தித் தேய்ப்பது நல்லது, ஆறாத தோலில் வேண்டாம். வெயில் படாமல் முழுக்கை. குழந்தை வளரும், தழும்பு வளராது. அதனால் வளரும் வயது முடியும்வரை திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை வரும். பல வருடமான தழும்பில் ஆறாத புண் வந்து ஆறு வாரம் தாண்டினால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

கால் இழந்தவர்: காலின் மிச்சமுள்ள முனையில் எட்டு போட்ட மாதிரி எலாஸ்டிக் கட்டு, நான்கைந்து மணிக்கொருமுறை பிரித்துக் கட்டுவது, முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காமல் இருப்பது, தினம் இரண்டு மூன்று தடவை இருபது நிமிடம் குப்புறப் படுப்பது. இல்லாத காலில் வலிப்பது உண்மையான வலி. கண்ணாடி முன் நல்ல காலை அசைத்துப் பார்க்கும் பயிற்சி பலருக்குக் குறைக்கிறது. வெடியில் போன காலின் முனையில் சதைக்குள் எலும்பு வளர்வது சகஜம், ஜெய்ப்பூர் கால் மாட்டும்போது ஒரே இடத்தில் குத்தினால் எக்ஸ்ரே எடுங்கள். குழந்தைக்கு எலும்பு தோலை முட்டிக்கொண்டு வளரும். செயற்கைக் காலை ஏறக்குறைய வருடம் ஒருமுறை மாற்ற வேண்டிவரும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடம்.

நுரையீரல் ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. முதல் வாரத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டில் மூச்சுத் திறன் திரும்பிவிடுகிறது. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பெருக்கும்போது நனைத்துப் பெருக்குங்கள், என்95 முகக்கவசத்தோடு.

படி 9: மனசு

முதல் வாரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லும் கூட்டம் உதவாது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. தூக்கம், சாப்பாடு, சொந்தக்காரர் எங்கே என்ற தகவல், இவைதான் அப்போது மருந்து. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, கதவு அடித்தால் தூக்கிவாரிப் போடுவது, அந்தத் தெருவையே தவிர்ப்பது, உணர்ச்சி மரத்துப்போவது தொடர்ந்தால் சிகிச்சை தேவை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை, 8 முதல் 12 அமர்வு, தேவைப்பட்டால் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. தூக்க மாத்திரையை மாதக் கணக்கில் தொடர்வது நிலைமையை மோசமாக்கும். ஆண்கள் குடியில் இறங்குவதை வீட்டார் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை மறுபடி படுக்கையை நனைக்கும், கிடங்கு வெடிக்கும் விளையாட்டையே விளையாடும். அடிக்காதீர்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பட்டாசு பற்றிச் சொல்லி வையுங்கள், அன்றைக்குச் சத்தம் குறைந்த உறவினர் ஊருக்குப் போவதிலும் தப்பில்லை.

படி 10: நஷ்டஈடு

விபத்து நடந்த சில வாரத்தில் ஒரு தொகையும் ஒரு தாளும் வரும். தாளில் 'இத்துடன் அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இடைக்கால உதவியாக வாங்குங்கள், அந்த வரி இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பு என்ன என்று ஓராண்டு ஆகும்வரை டாக்டருக்கே தெரியாது.

இந்தியாவில் அறிவிக்கப்பட்ட துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சியால் உயிருக்கோ சொத்துக்கோ நேரும் சேதத்துக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நஷ்டஈடு தரச் சொல்கிறது. கிடங்குத் தீ அதற்குள் வராது. அரசு மீது சிவில் வழக்கு என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80இன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு இன்னொரு வழி. காலக்கெடு உண்டு, அதனால் முதல் ஆண்டுக்குள் வக்கீலைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி சான்றுக்கு 40 சதவீதம் என்ற எல்லை இருக்கிறது. நிலை மாறக்கூடிய காயத்துக்குத் தற்காலிகச் சான்று தருவார்கள், அது காலாவதியாகும் தேதியைக் குறித்து வையுங்கள்.

கோரிக்கையில் எழுத மறப்பவை: குழந்தையின் செயற்கைக் கால் வளரும் வயது முழுக்க எத்தனை, கேள்கருவியும் அதன் பேட்டரியும், வருடாந்திரக் கண் பரிசோதனைக்கான பயணம், பார்த்துக்கொள்ள வேலையை விட்ட அம்மாவின் வருமானம். ஹாலிஃபாக்ஸில் 1918இல் அமைந்த நிவாரண ஆணையம் காயம்பட்டவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் கொடுத்தது. 1976இல் ஆணையம் கலைக்கப்பட்டபோதும் ஓய்வூதியம் பெறுபவர்கள் உயிரோடு இருந்தார்கள், அவர்கள் பொறுப்பை மத்திய ஓய்வூதிய அமைப்பு ஏற்றது. ஒரே தொகை பேசும் மேஜையில் இந்த முன்னுதாரணத்தை வைத்து, மாத ஓய்வூதியமும், பின்னால் தெரியவரும் பாதிப்புக்காக வழக்கை மறுபடி திறக்கும் உரிமையும் எழுத்தில் கேளுங்கள்.